ஆல்ப்ஸில் எந்தப் பள்ளத்தாக்கு? முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, ஆல்ப்ஸ் என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. மலையில் நாள் முழுக்க நடக்க வேண்டும், முடிந்தால் கம்பியைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும், பாராகிளைடரில் ஒரு தடவையாவது பறந்துவிட வேண்டும். கூடவே, ஓட்டல் பால்கனியிலிருந்து பார்க்கும் கிராமமாக இல்லாமல், மனிதர்கள் வேலை செய்து பிழைக்கிற கிராமத்துக்குள் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே பள்ளத்தாக்கில் நிறைவேறும். ஆனால் எல்லாரும் "எந்த ஊர் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் இன்னொரு கேள்விதான்: எந்த மாதம் போகிறீர்கள்?

ஆல்ப்ஸ் கிராமங்களின் பஞ்சாங்கம் மாடுதான். ஜூனில் மாடுகள் உயரத்து மேய்ச்சல் நிலத்துக்கு ஏறும். கோடை முழுக்க மேய்ப்பவர்கள் அங்கேயே தங்கிப் பால் கறந்து சீஸ் செய்வார்கள். கீழே இருப்பவர்கள் குளிர்காலத் தீவனத்துக்குப் புல்லை அறுத்துக் காயவைத்துக் கொட்டகையில் அடைப்பார்கள். செப்டம்பரில் மாடுகள் இறங்கும். சாகசத்துக்கு வேறு பஞ்சாங்கம். அதைப் பனி எழுதுகிறது. ஜூன் கடைசி வரைக்கும் உயரமான கணவாய்களில் பனி கிடக்கும். மலைத் தங்குகுடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடிவிடும். நவம்பரிலும், ஏப்ரல் மே மாதங்களிலும் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும். அந்த நேரத்தில் போனால் மூடிய கதவைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த இரண்டு பஞ்சாங்கமும் சரியாகப் பொருந்துவது செப்டம்பர் முதல் மூன்று வாரங்களில். ஆகஸ்ட் கூட்டம் கரைந்திருக்கும், பிற்பகல் இடிமழை குறைந்திருக்கும், பாதைகளில் பனி இருக்காது, மாடும் இறங்கும். தேதியை உங்களால் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் வேறு யோசனையே வேண்டாம். முடியாதவர்களுக்குத்தான் நான்கு பள்ளத்தாக்குகளின் இந்த ஒப்பீடு அதிகம் பயன்படும்.

ஷமோனியை ஆரம்பத்திலேயே கழித்துவிடுகிறேன். பிரான்சின் அந்தப் பள்ளத்தாக்கைவிட மலையேற்றத்தில் பெரிய பெயர் ஆல்ப்ஸில் இல்லை. 1786-இல் மோன் பிளாங் உச்சியை முதன்முதலில் தொட்ட பால்மாவும் பக்கார்டும் அந்த ஊர்க்காரர்கள். 1821-இல் தொடங்கிய வழிகாட்டிகள் சங்கம் இன்றும் இயங்குகிறது. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல் அங்கேதான் நடந்தது. கயிறும் ஐஸ் கோடரியுமாக ஏறுகிறவர்கள் தாராளமாக அங்கேயே போகலாம். ஆனால் அது கிராமம் இல்லை, மலையேறிகளை நம்பி வாழும் டவுன். பள்ளத்தாக்கின் மேல்கோடியில் சின்ன ஊர்கள் உண்டு என்றாலும், கிராமத்துக்காக யாரும் ஷமோனிக்கு டிக்கெட் போட வேண்டியதில்லை.

லௌட்டர்ப்ரூனன்: படத்தில் பார்த்தது அப்படியே இருக்கும், கூட்டமும் இருக்கும்

போனில் நீங்கள் பார்த்த ஆல்ப்ஸ் படங்களில் பாதி இந்த ஊர்தான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் 20 நிமிடம். பனியாறு அரித்த பள்ளத்தாக்கு என்பதால் தரை தட்டையாகவும் இரண்டு பக்கச் சுவரும் செங்குத்தாகவும் இருக்கும். அந்தச் சுவரிலிருந்து 297 மீட்டர் விழுகிறது ஷ்டௌப்பாக் அருவி. விழுந்து முடிவதற்குள் பாதித் தண்ணீர் தூறலாகிக் காற்றோடு போய்விடும். இதிலும் மாதம் முக்கியம். பனி உருகும் ஜூனில் அருவிகள் கனத்து விழும். செப்டம்பரில் அதே அருவி நூலாக இளைத்திருக்கும். அருவிக்காகவே போகிறவர் செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவார்.

ட்ரூம்மெல்பாக் மட்டும் விதிவிலக்கு. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று மலைகளின் பனியாற்றுத் தண்ணீரும் ஒரு பாறைப் பிளவுக்குள் திரண்டு, மலையின் வயிற்றுக்குள்ளேயே பத்து அருவிகளாக விழுகிறது. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர். சுரங்க லிஃப்டில் பாதி உயரம் போய், அங்கிருந்து ஈரப் படிகளில் ஏற வேண்டும். கைப்பிடிக் கம்பி சில்லென்று இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது, காதருகே போய்க் கத்த வேண்டும். பாறைச் சுவரைத் தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்த வளைவுகள் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மழைக்கோட்டு வேண்டும்.

கிராமம் என்று பார்த்தால் கீழே இருக்கும் லௌட்டர்ப்ரூனனில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடைப் பகலில் அது கிட்டத்தட்ட பஸ் ஸ்டாண்டு. மேலே மலைத்திட்டுகளில் வெங்கன், மியூரன் என்று கார் நுழையாத இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டும் அழகு, இரண்டும் ஓட்டல் ஊர்கள். மியூரன் பனிச்சறுக்கு வரலாற்றில் இடம்பிடித்த ஊரும்கூட. விவசாயம் இன்னும் மூச்சு விடுவது அதற்குக் கீழே 1,363 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிம்மல்வால்டில். சில டஜன் வீடுகள், கார் வராது, சரிவு செங்குத்தாக இருக்கும் இடங்களில் இன்றும் கையால் புல் அறுக்கிறார்கள். தங்க இடம் குறைவு என்பதால் இங்கே அறை கிடைத்தால்தான் லௌட்டர்ப்ரூனன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாகசத்துக்குக் குறைவே இல்லை. மியூரனிலிருந்து கிம்மல்வால்டுக்குப் பாறைச் சுவரோரமாக இரும்புக் கம்பி பதித்த வியா ஃபெராட்டா பாதை போகிறது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழக்கமாக இப்படிப்பட்ட பாதைகள் மேலே ஏறும், இது இறங்குகிறது. காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு வரைக்கும் வெறும் காற்றுதான். தொங்குபாலமும் உண்டு. உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் "சும்மா போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பக் கூடாது. நடுவில் திரும்புவது லேசான காரியமில்லை. குன்றின் விளிம்பிலிருந்து பாராசூட்டோடு குதிக்கிற பேஸ் ஜம்பர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கு உலகப் பிரசித்தம். அவர்கள் வந்து இறங்குவது விவசாயியின் புல்வெளியில். மாட்டுத் தீவனப் புல் மிதிபடுவதற்கு ஈடாக, குதிப்பவர்கள் லேண்டிங் கார்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் நிலக்காரர்களுக்குப் போகிறது. சாகசமும் கிராமமும் ஒரே வயலில் முட்டிக்கொள்ளும்போது அங்கே கண்டுபிடித்த வழி அது.

3,454 மீட்டர் உயரத்தில் ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக், 1912-இலிருந்து ஓடும் பொறியியல் அதிசயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் போய்வரும் டிக்கெட்டின் முழு விலை 200 ஃபிராங்கைத் தாண்டும், மேலே நெரிசல் வேறு. மேகம் மூடினால் அத்தனை பணமும் பனிமூட்டத்தைப் பார்க்கத்தான். அதே மூன்று மலைகளையும் எதிரே பார்த்தபடி மென்லிஹனிலிருந்து கிளைன ஷைடெக் வரைக்கும் நடக்கும் பாதை எளிது. இரண்டு மணி நேரம்கூட ஆகாது. எனக்கு அது போதும்.

கிராமப் பண்பாடு என்றால் பள்ளத்தாக்கை விட்டு ஒரு நாள் வெளியே வரவும் தயங்காதீர்கள். தூன் ஏரிக்கு மேலே இருக்கும் யுஸ்டிஸ்டாலில் செப்டம்பரில் சீஸ் பங்கீடு நடக்கும். கோடை முழுக்க ஒன்றாகச் செய்த சீஸ் வட்டுகளை வெளியே அடுக்கி, அவரவர் மாடு கொடுத்த பாலின் அளவுக்கேற்பச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பிறகு அலங்கரித்த மாடுகளோடு ஊர்வலம் இறங்கும். வேடிக்கை பார்க்க நிறையப் பேர் வருவார்கள்; ஆனாலும் அது அவர்களுடைய கணக்கு தீர்க்கும் நாள், நமக்காக வைத்த நிகழ்ச்சி இல்லை.

வால் கார்தேனா: மரம் செதுக்கிய பள்ளத்தாக்கு

இத்தாலியின் வடக்கு ஓரம், டோலமைட் மலைகள். முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியா-ஹங்கேரியின் கையில் இருந்த தெற்கு தீரோல் பகுதி இது. இத்தாலியம், ஜெர்மன் இரண்டோடு லதீன் என்ற மொழியும் இங்கே வீட்டு மொழி. டோலமைட் பள்ளத்தாக்குகள் அத்தனையும் சேர்த்தே சுமார் 30,000 பேர்தான் லதீன் பேசுகிறார்கள். அது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, ஊர்ப் பலகையில் இருக்கிறது, பேக்கரியில் வரிசையில் நிற்கும் பாட்டிகள் பேச்சிலும் இருக்கிறது. விழா நாள் பார்த்துப் போகத் தேவையில்லாத பண்பாடு இது. மாடு இறங்கும் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு நான் வால் கார்தேனாவைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மரம். 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட விவசாயிகள் இங்கே மரம் செதுக்கினார்கள். முதலில் பொம்மைகள், தலைச்சுமையாகவும் வண்டியிலும் ஐரோப்பாவெங்கும் கொண்டுபோய் விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களுக்கான சிலைகளும் பீடங்களும் பெருந்தொழிலாயின. முக்கிய ஊரான ஓர்திசேயில் பட்டறைகள் இன்றும் உள்ளன. உள்ளே நுழைந்ததும் ஆல்ப்ஸ் பைன் மரத்தின் வாசனை அடிக்கும், பிசினும் இனிப்பும் கலந்த மாதிரி. வண்ணம் பூசாத புனிதர்கள் வெளிர் மரமாக அலமாரியில் வரிசையாக நிற்பார்கள், சிலருக்குக் கை இன்னும் வந்திருக்காது. வாங்குவதென்றால் முழுக்கக் கையால் செதுக்கியதா, இயந்திரத்தில் வெட்டிக் கையால் முடித்ததா என்று கேளுங்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சிலைக்கு நடுவில் இருக்கும் விலை வித்தியாசத்துக்கு அதுதான் காரணம்; கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பழைய மரப் பொம்மைகளை கெர்தைனா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வியா ஃபெராட்டா உங்கள் ஆசை என்றால் டோலமைட்தான் அதன் தாய்வீடு. முதல் உலகப் போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் இந்தப் பாறைகளில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஆளையும் தளவாடத்தையும் ஏற்றக் கம்பியும் ஏணியும் அடித்தார்கள். இன்றைய பாதைகள் பலவற்றுக்கு அதுவே தொடக்கம். புதிதாகத் தொடங்குகிறவர் கார்தேனா கணவாயிலிருந்து கிரான் சிர் உச்சிக்கு ஏறிப் பார்க்கலாம். உயரம் 2,592 மீட்டர், கம்பிப் பகுதி குறைவு, ஆனால் உச்சிக்குப் போன திருப்தி முழுசாகக் கிடைக்கும். மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இடி வரும்போது இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

நடக்க மட்டும் விரும்புகிறவர்களுக்கு அல்பே தி சியூசி: சுமார் 56 சதுர கிலோமீட்டர் புல்வெளி, ஐரோப்பாவின் உயர்மலைப் புல்வெளிகளில் மிகப் பெரியது. காலை 9 மணி முதல் மாலை 5 வரை வெளியார் காருக்குத் தடை. ஓர்திசேயிலிருந்து கேபிள் காரில் ஏறிவிடலாம். வாள்முனை போல் சரியும் செச்சேடா முகடு எதிர்ப்பக்கம். அங்கே 2025 கோடையில் நில உரிமையாளர்கள் பாதையில் சுழல்கதவு வைத்து 5 யூரோ வசூலித்தது உலகச் செய்தியானது. எங்கள் புல்லை மிதித்துவிட்டுக் குப்பையைப் போட்டுப் போகிறார்கள் என்பது அவர்கள் குறை. பாதையை விட்டு விலகி ஒரு செல்ஃபிக்காகப் புல்லுக்குள் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால், அவர்கள் கோபம் புரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். ரயில் கிடையாது, போல்சானோ அல்லது பிரிக்சனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஜூலை ஆகஸ்டில் கணவாய்ச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் இரைச்சல் பாறையில் மோதி எதிரொலிக்கும், எவ்வளவு உயரம் போனாலும் விடாது. அக்டோபரில் அது அடங்கும். லார்ச் மரங்கள் பொன்னிறமாகும், பக்கத்து ஐசாக் பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகளில் சுட்ட செஸ்நட்டும் புது ஒயினும் பரிமாறுவார்கள். அக்டோபரில் மட்டுமே லீவு என்றால் மற்ற ஊர்களை மறந்துவிட்டு இங்கே வரலாம்.

ஸில்லர்டால்

ஆஸ்திரியாவின் தீரோலில் இருக்கிறது. பிரதான ரயிலில் யென்பாக் வந்து, 760 மில்லிமீட்டர் குறும்பாதை ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மைர்ஹோஃபன். ரயில் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: மூன்று வெவ்வேறு அகலத் தண்டவாளங்கள் சேரும் ஸ்டேஷன் யென்பாக்.

ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு நடந்துகொண்டே போகும் பல நாள் பயணம் வேண்டுமென்றால் இந்த நான்கில் இதற்குத்தான் என் ஓட்டு. பெர்லினர் ஹோஹென்வேக் என்ற வட்டப்பாதை பனியாறுகளின் ஓரமாகப் போகும். அதில் 1879-இல் கட்டிய பெர்லினர் ஹுட்டே, குடில் என்ற பெயரில் ஒரு மாளிகை. இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஓல்பெரர் குடிலுக்குப் பக்கத்தில் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு சின்னத் தொங்குபாலம் இருக்கிறது. படத்தில் தனியாக ஒருவர் நிற்பார். நேரில் அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கும். ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் வருஷம் முழுக்கப் பனிச்சறுக்கு உண்டு. 1978-இல் மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரோடு சேர்ந்து ஆக்சிஜன் இல்லாமல் முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய பீட்டர் ஹாபெலர் மைர்ஹோஃபன்காரர்.

மைர்ஹோஃபன் இரவில் சத்தமான ஊர். அமைதி வேண்டுமென்றால் அதற்கு மேலே இருக்கும் கின்ட்ஸ்லிங். பெரிய ஓட்டல், பனிச்சறுக்கு லிஃப்ட் என்று விரிக்காமல் மலையேற்றத்தை மட்டும் நம்பியிருக்கும் ஊர்களுக்கு ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் கொடுக்கும் "மலையேறிகள் கிராமம்" அங்கீகாரம் அதற்கு உண்டு.

மாடு இறங்குவதைப் பார்க்க ஸில்லர்டால் வசதியான இடம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஊருக்கு ஒரு நாள் வைத்து நடக்கும். முன்னால் வரும் மாட்டின் தலையில் ஊசியிலைக் கிளை, பூ, வண்ண ரிப்பன் கட்டிய ஆளுயர அலங்காரம். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. கெட்டது எதிரே வந்தால் தன் முகத்தையே பார்த்து ஓடிப்போகும் என்பது நம்பிக்கை. கழுத்து மணி ஒவ்வொன்றும் வாளி அளவு. ஆனால் அந்தக் கோடையில் மேலே ஒரு மாடு செத்திருந்தாலோ, குடும்பத்தில் இழவு விழுந்திருந்தாலோ அலங்காரம் கிடையாது. மந்தை வெறும் தலையோடு இறங்கும். பெரிய ஊர்களில் பேண்டு வாத்தியமும் பீர் கூடாரமும் வைத்துத் திருவிழாவாக்கிவிட்டார்கள். சின்ன ஊர்த் தேதியைக் கேட்டுப் போங்கள். அங்கே தங்கள் மாடு எது என்று தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

மாட்டுக்குப் பதில் ஆடு என்றால், இத்தாலியின் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கு. அங்கத்திய ஆடுகள் ஜூனில் பனி மூடிய உயரக் கணவாய்களைத் தாண்டி ஆஸ்திரியாவில் மேய்ந்துவிட்டு செப்டம்பரில் திரும்பும். 1991-இல் பனிக்குள் உறைந்துகிடந்த ஓட்ஸி என்ற பழங்கால மனிதனின் உடல் கிடைத்ததும் அந்த மலைமுகட்டில்தான். தனியாக எழுத வேண்டிய ஊர் அது.

குளிர்காலம் என்றால் லோட்ஷென்டால்

பிப்ரவரியில் போகிறவர்கள் பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரத்தில் தொலைந்துபோவார்கள். கிராமமும் வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் இருக்கும் லோட்ஷென்டால். லௌட்டர்ப்ரூனனுக்கு மலையின் மறுபுறம்தான், ஆனால் வேறு உலகம். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வரைக்கும் 'செகெத்தே' என்ற முகமூடிகள் தெருவில் உலவும். பைன் மரத்தில் செதுக்கிய கோர முகம், வாயில் நிஜ மாட்டுப் பல், உடம்பில் ஆட்டுத்தோல், இடுப்பில் மாட்டு மணி. துரத்திப் பிடித்தால் முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவார்கள். சுற்றுலாக்காரர் என்று விடமாட்டார்கள். பகலில் லௌஹெர்னால்ப் சரிவுகளில் பனிச்சறுக்கு. கோடையில் அதே சரிவோரம் ஃபாஃப்லரால்ப் நோக்கிப் போகும் உயரப் பாதை புகழ்பெற்றது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதும்போது 2025 மே 28-ஐ விட்டுவிட முடியாது. அன்று பிர்ஹ் பனியாறு பாறையோடு சரிந்து பிளாட்டன் கிராமத்தை ஏறக்குறைய முழுசாக மூடியது. சுமார் 300 பேரை ஒன்பது நாள் முன்னதாகவே வெளியேற்றியிருந்ததால் ஊர் மக்கள் உயிர்தப்பினார்கள்; ஆனாலும் வெளியேற்றிய பகுதிக்கு வெளியே இருந்த ஒருவர் இறந்துபோனார். கிப்பெல், வீலர், ஃபெர்டன் ஊர்கள் நிற்கின்றன, விருந்தாளிகளும் வருகிறார்கள். போங்கள், அங்கே தங்கிச் செலவு செய்யுங்கள். ஆனால் இடிபாட்டைப் படமெடுக்க மட்டும் போகாதீர்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் அன்று உள்ளூர் தகவல் மையத்தில் கேட்டே ஆக வேண்டும்.

பணமும் சில்லறை விஷயங்களும்

சுவிஸ் ஊர்கள் இரண்டிலும் ஃபிராங்க், மற்ற இரண்டிலும் யூரோ; சாப்பாட்டு பில்லிலேயே வித்தியாசம் தெரியும். சுவிஸ் டிராவல் பாஸ் மியூரன், வெங்கன் வரைக்கும் செல்லும். அதற்கு மேலே தள்ளுபடி மட்டும்தான். தெற்கு தீரோலில் பல தங்குமிடங்கள் தரும் கெஸ்ட் பாஸில் பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் இலவசம், கேபிள் கார் பெரும்பாலும் சேராது. குடும்பத்தோடு போகும்போது நாளுக்கு இரண்டு கேபிள் கார் ஏறினால் பட்ஜெட் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். அறை வாடகையைவிட அதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வால் கார்தேனா சுலபம்: கீரையோ சீஸோ சேர்த்த ரொட்டி உருண்டைகள், பாஸ்தா எல்லாம் எல்லா மலைக்குடிலிலும் உண்டு. ஸில்லர்டால் குடில்களில் சைவர்களின் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் சீஸைச் சுற்றியே வரும். முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். குடிலில் மெத்தையும் போர்வையும் இருக்கும், ஆனால் போர்வைக்குள் நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப் பையை (ஸ்லீப்பிங் பேக் லைனர்) நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது, நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸ் பாதைப் பலகைகளில் பல இடங்களில் தூரம் போட்டிருக்காது, நேரம்தான் இருக்கும். அது நிற்காமல் நடக்கிற உள்ளூர்க்காரரின் நேரம். மலைப் பழக்கமில்லாதவர் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். மஞ்சள் குறி எல்லாருக்கும், வெள்ளை-சிவப்பு-வெள்ளை நல்ல பூட்ஸும் நிலையான காலும் உள்ளவர்களுக்கு, வெள்ளை-நீலம்-வெள்ளை அனுபவசாலிகளுக்கு மட்டும். ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உங்கள் பயண இன்சூரன்ஸில் இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். "சாகச விளையாட்டு நீங்கலாக" என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

செப்டம்பரில் போகிறவர்கள் விமான டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த ஊர் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பி மாடு இறங்கும் தேதியைக் கேளுங்கள். மேலே பனி சீக்கிரம் விழுந்தால் தேதியை முன்னால் இழுத்துவிடுவார்கள். ஆகவே அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் அதே ஊரில் தங்கும்படி அறையைப் போட்டுக்கொண்டு, குடில் பயணத்தையும் வியா ஃபெராட்டாவையும் மிச்சமிருக்கும் நாட்களில் பொருத்துங்கள்.